மஞ்சக்குப்பத்துப் பழைய வீட்டை விற்கும் முன் எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் உங்கள் அப்பா 1983-இல் மனை வாங்கி, கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தில் கடன் பெற்று, இரண்டு ஆண்டுகளில் கட்டி முடித்த 1,200 சதுர அடி தளம் போட்ட வீடு. பின்னாளில் மாடியில் ஓர் அறை எழுப்பப்பட்டது. அப்பா 2009-இல் உயில் எழுதாமல் காலமானார். தாத்தா அதற்கு முன்பே இல்லை. பாட்டி மட்டும் அதன்பிறகும் நான்கு ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்தார். அத்தைகள் இருவர். அம்மாவும் மறைந்த பின் இரண்டு ஆண்டுகளாக வீடு பூட்டிக் கிடக்கிறது. நீங்கள் பெங்களூரிலும் அண்ணன் சிங்கப்பூரிலும் தங்கை விழுப்புரத்திலும் இருக்கிறீர்கள். நான்கு லட்சம் ரூபாய் போட்டு டைல்ஸ், மாடுலர் கிச்சன், புது பெயிண்ட் என்று வீட்டைப் புதுப்பித்தால் விலை பத்து லட்சம் ஏறும் என்று தரகர் சொல்கிறார். நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிட்டு அறிக்கை கொடுக்கும் கட்டடப் பொறியாளனாகக் கடலூரிலும் பாண்டிச்சேரி எல்லையோர ஊர்களிலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். விற்பவர் ஒரு வீட்டில் எதைக் காட்ட ஆசைப்படுகிறார், வாங்குபவரும் அவருடைய வங்கியும் அதே வீட்டில் எதைத் தேடுகிறார்கள் என்பவை இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டிய தொழில் இது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: டைல்ஸ் வேண்டாம், மாடுலர் கிச்சன் வேண்டவே வேண்டாம். அந்த நான்கு லட்சத்தில் பாதிக்கும் குறைவான தொகையை, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தவும், துருப்பிடித்த கம்பியைச் சரி செய்யவும், பத்திரக் கட்டைக் கேள்விக்கு இடமில்லாமல் ஒழுங்கு செய்யவும் செலவிடுங்கள். மீதிப் பணத்தைத் தொடத் தேவையில்லை.

தரகர் சொல்லும் பத்து லட்சம் ஏன் வராது என்பதை முதலில் பார்த்துவிடலாம். வாங்குபவர் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் வாங்குவார். அவருடைய வங்கி அனுப்பும் பொறியாளர் மனைக்குத் தனியாகவும் கட்டடத்துக்குத் தனியாகவும் மதிப்புப் போடுவார். கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டு, ஆயுள் முடிந்த பின் இடித்து விற்றால் மிஞ்சுவது 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 40 ஆண்டு ஆன வீட்டுக்குத் தேய்மானமாகவே 60 சதவீதம் கழிந்துவிடும். அதே வீட்டை இன்று கட்டச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று கணக்கு எளிதாக இருப்பதற்காக எடுத்துக்கொள்வோம். 1,200 சதுர அடிக்கு 24 லட்சம். தேய்மானம் போக நிற்பது 9,60,000 ரூபாய். விலையின் மற்ற பகுதி முழுவதும் மனையின் விலைதான். முழுக் கட்டடத்துக்கும் பத்து லட்சம்கூடத் தேறாத இடத்தில், அதன் தரையிலும் சமையலறைச் சுவரிலும் நீங்கள் ஒட்டும் பொருள் இன்னொரு பத்து லட்சத்தைக் கொண்டுவராது. வாங்குபவருக்கு உங்கள் டைல்ஸ் பிடிக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. புதிதாகப் போட்ட டைல்ஸைக் குடிபுகுந்த மூன்றாம் மாதம் பெயர்த்து எறிந்த வீடுகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இதோடு சேர்த்து ஒரு வேண்டுகோள். கூடத்தில் இருப்பது சிவப்பு ஆக்சைடு பூசிய சிமெண்டுத் தரை என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது ஆண்டுகள் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து மெருகேறிய அப்படிப்பட்ட தரையை இன்று புதிதாகப் போடத் தெரிந்த கொத்தனார்கள் இந்த வட்டாரத்தில் அருகிவிட்டார்கள். அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

இனி ஈரம். ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். புதுப்பாளையத்தில் ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டை விற்பதற்காகப் புரட்டாசியில் சுவரெல்லாம் பட்டி பார்த்து, விலையுயர்ந்த எமல்ஷன் அடித்தார்கள். வாங்க விரும்பியவர் கார்த்திகையில், இரண்டு வாரம் மழை கொட்டி ஓய்ந்த பிறகு, என்னையும் அழைத்துக்கொண்டு வந்தார். கூடத்துச் சுவரின் அடிப்பாகத்தில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. அவர் கட்டை விரலால் ஒன்றை அழுத்தினார். நமத்த அப்பளம் போல் அது உள்ளே அமுங்கி, ஓரத்திலிருந்து வெள்ளை வெளேரென்று உப்புத் தூள் கொட்டியது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேரத்துக்கு உட்கார்ந்தபோது, முதலில் ஒப்புக்கொண்ட விலையிலிருந்து ஆறு லட்சத்தைக் குறைத்துக் கேட்டார். அந்த ஈரத்தைச் சரி செய்ய உண்மையில் ஒரு லட்சம்கூட ஆகியிருக்காது. மறைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை தோன்றிவிட்டால், இன்னும் என்னென்ன மறைத்திருப்பார்களோ என்ற அச்சத்துக்கும் சேர்த்து விலையில் பிடித்துக்கொள்வார்கள்.

நம் ஊர்ச் சுவர்களில் நடப்பது இதுதான். மண்ணில் உள்ள ஈரம், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. இரண்டு மூன்று அடி ஏறியதும் சுவரின் மேற்பரப்பில் ஆவியாகிறது. தன்னோடு கொண்டுவந்த உப்பை அங்கேயே விட்டுவிடுகிறது. அந்த உப்புப் படிகமாகும்போது பூச்சையும் பெயிண்டையும் தள்ளி உதிர்க்கிறது. கடற்கரை ஊரின் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உப்பு மிகுதி என்பதால் இங்கே இது உள்நாட்டு ஊர்களைவிட வேகமாக நடக்கும். இதன் மேல் பட்டி பார்த்து நீர்புகாப் பெயிண்ட் அடித்தால் ஈரம் நின்றுவிடாது. வெளியேற வழியில்லாமல் இன்னும் ஓரடி மேலே ஏறி அங்கே உதிர்க்கும்.

ஆகவே முதலில் காரணத்தைத் தேடுங்கள். கடலூரின் பழைய தெருக்களில் நான் மிகுதியும் கண்ட காரணம், சாலையை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டு உயர்த்தியிருப்பது. 1985-இல் தெருவைவிட இரண்டடி உயரத்தில் இருந்த வாசல் இன்று ஓரடிகூட உயரத்தில் இருக்காது. வாசலில் கோலம் போட வசதியாக அம்மா காலத்தில் போட்ட சிமெண்டுத் தளம் சுவரை நோக்கிச் சரிந்திருக்கலாம்; மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரோரமே கொட்டிக்கொண்டிருக்கலாம்; பக்கத்துக் குளியலறையில் குழாய் கசியலாம். சுவரின் மேற்பகுதியில் திட்டாகத் தெரியும் ஈரம் உள்ளிருந்து வருவதா, காற்றில் உள்ள ஈரம் படிவதா என்று தெரியாவிட்டால், ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் நாடா போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. வெளிப்புறம் மட்டும் ஈரமென்றால் சன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

தளத்தின் சரிவைச் சுவரிலிருந்து வெளியே போகும்படி மாற்றி, குழாயைத் தள்ளி விட்டு, கசிவை அடைத்த பின், உப்புப் பிடித்த பூச்சை ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல் வரை வெட்டி எடுத்துவிடுங்கள். செங்கல்லைக் கழுவக் கூடாது. உலர்ந்த தூரிகையால் உப்பைத் தட்டிவிட்டு, குறைந்தது ஒரு மாத வெயில் காய விட வேண்டும். அதன் பிறகே புதுப் பூச்சு. ஈரம் எல்லாச் சுவரிலும் ஏறுகிறதென்றால், அடிவரிசைச் செங்கல்லில் துளையிட்டு ஊசி போடுவது போல ரசாயனம் செலுத்தும் முறையும் உண்டு. விற்கப் போகிற வீட்டுக்கு அது தேவையா என்பதை ஒரு பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். இவ்வளவும் மாசி தொடங்கி வைகாசிக்குள் முடிய வேண்டிய வேலை. வடகிழக்குப் பருவமழைக்குள் அகப்பட்டால் எந்தப் பூச்சும் காயாது.

மொட்டை மாடியில் தட்டோடு பதித்திருப்பார்கள். ஓடுகள் நன்றாக இருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட இணைப்புகள்தான் நாற்பது ஆண்டில் மண்ணாகியிருக்கும். மேலே வெள்ளையாக ஒரு கூலிங் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்பவரை நம்பாமல், இணைப்புகளைச் சுரண்டி எடுத்து நீர்புகாக் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். பிறகு தண்ணீர் இறங்கும் வாயை அடைத்து இரண்டு அங்குல உயரத்துக்கு ஒருநாள் முழுவதும் தண்ணீர் தேக்கி, அடியில் போய் அண்ணாந்து பாருங்கள். உட்சுவருக்கு வெள்ளையடிப்பது இந்தச் சோதனைக்கு அடுத்துதான் வர வேண்டும். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்து இரண்டு முறை பணம் கொடுக்கிறார்கள்.

மூன்றாவது, சன்ஷேடுகள். தெருவிலிருந்தே தெரியும் என்பதால் வாங்குபவரின் பொறியாளர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். அந்தக் காலத்தில் கம்பிக்குக் கீழே அரை அங்குலம்கூடக் கான்கிரீட் விடாமல் வார்த்திருப்பார்கள். கலவைக்குக் கலந்த தண்ணீரிலேயே உப்பு இருந்திருக்கும். கம்பி துருப்பிடித்தால் பல மடங்கு பருக்கிறது. பருத்த துரு கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கம்பி ஓடும் வழியிலேயே நேர்கோடாக ஒரு விரிசல் தெரிந்தால் காரணம் இதுதான். சிறு சுத்தியலால் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போங்கள்: கெட்டியான இடத்தில் கணீரென்றும், விட்டுப்போன இடத்தில் பொக்கென்றும் கேட்கும். பொக்கான இடத்தை முழுவதும் கொத்தி எடுத்து, கம்பியின் பின்புறமும் தெரியும்படி செய்து, கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பழைய கான்கிரீட்டோடு ஒட்டுவதற்கான ரசாயனம் தடவி, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். சாதாரணச் சிமெண்டுக் கலவையை அப்பி மூடினால் ஒரு மழைக்காலம் தாங்கும். அடுத்ததில் துண்டாக விழும், அதுவும் கீழே யாராவது நிற்கும்போது. வேலை நடக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கொத்திய நிலை, கம்பி தெரியும் நிலை, பூச்சுக் கொடுத்த நிலை என்று மூன்று படங்களைக் காட்டினால், வாங்குபவரின் பொறியாளர் எழுதப் போகும் குறிப்பே மாறிவிடும். என் அறிக்கைகளில் நானே அப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்.

2015-இல் வெள்ளம் வாசற்படி வரை வந்து நின்றதையும், அதைச் சொல்ல வேண்டாம் என்று தரகர் தடுப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை: சொல்லிவிடுங்கள். 2011 டிசம்பர் 30-இல் கரை கடந்த தானே புயல், 2015 நவம்பர் மழை, 2024 டிசம்பரில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் ஆகிய மூன்றைப் பற்றியும் கேட்காமல் இந்த ஊரில் யாரும் வீடு வாங்குவதில்லை. கெடிலம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மஞ்சக்குப்பம், அந்தப் பக்கம் திருப்பாதிரிப்புலியூர் என்று இருக்கிற ஊரில் தண்ணீர் எந்தத் தெருவில் எந்தப் படி வரை வந்தது என்பது ரகசியமே இல்லை. எதிர்வீட்டுக்காரரோடு ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் வாங்குபவருக்கு அது தெரிந்துவிடும். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகள் சொத்திலோ உரிமையிலோ இருந்து, அவை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் அவற்றை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர் என்கிறது. "மூன்றாவது படி வரை வந்தது, உள்ளே வரவில்லை" என்று நீங்களே படியைத் தொட்டுக் காட்டிச் சொன்னால், அந்தக் குறையே உங்கள் பேச்சுக்குச் சாட்சியாகிவிடும்.

பூட்டிக் கிடந்த வீட்டுக்கே உரிய சில சில்லறை வேலைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். திறந்ததும் ஒரு சாக்கடை நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம். குளியலறை, சமையலறைத் தரையில் தண்ணீர் வடியும் வாய்க்கு அடியிலுள்ள நானி ட்ராப்களில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போனதால் வருவது அது. ஒவ்வொன்றிலும் ஒரு சொம்புத் தண்ணீரும், அது சீக்கிரம் வற்றாதிருக்க ஒரு கரண்டி எண்ணெயும் ஊற்றினால் அன்றைக்கே நாற்றம் நிற்கும், கரப்பான் வரும் வழியும் அடைபடும். மோட்டாரை முதல்முறை ஓடவிடும்போது மின்பணியாளர் அருகில் இருக்கட்டும். இரண்டு ஆண்டு நின்ற மோட்டார் இறுகியிருக்கும். கதவு நிலைகளில் கரையான் மண்கோடு தெரிந்தால் மண்ணைத் துடைத்துவிட்டு அமைதியாகிவிடாமல், ஓரடிக்கு ஒன்றாகத் துளையிட்டு மருந்து செலுத்தி ரசீது வாங்கி வையுங்கள். சன்னல் கம்பிகளுக்கு ரெட் ஆக்சைடு அடித்த பின் பெயிண்ட். கிணற்று நீரையும் போர் நீரையும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து அறிக்கை பெறுங்கள். நம் ஊரில் தண்ணீர் உப்பா என்பது, படுக்கையறை எத்தனை என்பதற்கு முன்பே வரும் கேள்வி. வாஸ்துவுக்காக எந்தச் சுவரையும் இடிக்காதீர்கள். சமையலறை அக்னி மூலையில் இல்லை என்று ஒருவர் போனால், இருந்தாலும் பரவாயில்லை என்று இன்னொருவர் வருவார்.

பொருள்களை அப்புறப்படுத்தும் வேலையை மூவரும் ஒரே வார இறுதியில் சேர்ந்து செய்யுங்கள். அம்மாவின் மருந்துப் பெட்டி, நடைகோல், சுவரில் நிறுத்திய இடத்திலேயே நின்றுபோன நாட்காட்டி ஆகியவை இருக்கும்போது வாங்க வருபவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சீக்கிரம் வெளியேறிவிடுகிறார். பூசையறைப் படங்களை மட்டும் கடைசிவரை வைத்து, ஒரு விளக்கும் ஏற்றி வைக்கச் சொல்லுவேன்.

இப்போது எல்லாவற்றையும்விடப் பெரிய வேலைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில், பாட்டி அப்பாவுக்குப் பின் நான்கு ஆண்டுகள் இருந்தார் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிதான் உங்கள் விற்பனையை நிறுத்தக்கூடியது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் தன் சுயசம்பாத்தியச் சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோரோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகை வாரிசு. ஆக 2009-இல் அந்த வீடு ஐந்து சம பங்காகப் பிரிந்துவிட்டது: அம்மா, நீங்கள் மூவர், பாட்டி. பாட்டியும் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய ஐந்தில் ஒரு பங்கு மூன்றாகப் பிரிந்து, இரண்டு அத்தைகளுக்கு ஆளுக்கு பதினைந்தில் ஒரு பங்கும், உங்கள் அப்பாவின் கிளைக்கு மீதியும் வரும். அம்மாவின் பங்கு உங்கள் மூவருக்கே. கூட்டிப் பார்த்தால் உங்கள் மூவருக்கும் சேர்த்து பதினைந்தில் பதின்மூன்று. அத்தைகளுக்குப் பதினைந்தில் இரண்டு. வீடு 75 லட்சத்துக்குப் போனால் அத்தைகளின் பங்கு 10 லட்சம். தரகர் டைல்ஸில் தேடும் அதே பத்து லட்சம் இங்கே கேட்பாரற்றுக் கிடக்கிறது.

அப்பாவின் வாரிசுச் சான்றில் பாட்டியின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வாங்குபவரின் வழக்கறிஞர் அரை மணி நேரத்தில் இதைக் கண்டுபிடிப்பார். இல்லாவிட்டால் சான்றே தவறானது என்ற வேறொரு சிக்கல் வரும். அத்தைகளிடம் நேரில் போய்ப் பேசுங்கள். அவர்கள் கிரையப் பத்திரத்தில் உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடலாம். அல்லது தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தரலாம். பணம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லக்கூடும், வேண்டும் என்றும் சொல்லக்கூடும்; இரண்டுமே அவர்கள் உரிமை. வாங்குபவர் முன்பணம் கொடுத்த பின் இந்தப் பேச்சைத் தொடங்கினால், அதுவரை உங்களை "வாடா கண்ணு" என்று அழைத்த அத்தையின் மருமகன் வழக்கறிஞரோடு வருவார். (இதே வீடு பாண்டிச்சேரிக்குள் இருந்து, உங்கள் குடும்பம் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பமாகவும் இருந்திருந்தால் பங்குக் கணக்கே வேறு. எல்லை தாண்டிய உறவினர் சொல்லும் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.)

அடுத்தது வில்லங்கச் சான்று. பதிவுத் துறை இணையதளத்தில் அப்பா வாங்கிய 1983-க்கு முன்னிருந்து இன்று வரை போட்டுப் பாருங்கள். கூட்டுறவுச் சங்கக் கடனை அப்பா முழுவதும் கட்டி முடித்திருப்பார். ஆனால் அந்தக் காலத்தில் பதிவு செய்த அடமானத்துக்குரிய மீட்பு ரசீதைப் பலர் பதிவு செய்யாமலே விட்டுவிட்டார்கள். அப்படியானால் கடன் தீர்ந்து முப்பது ஆண்டு ஆன பின்னும் வில்லங்கத்தில் அடமானம் நிற்கும். சங்கத்திடம் பழைய பேரேட்டைத் தேடச் சொல்லி ரசீது வாங்கிப் பதிவு செய்ய மாதக்கணக்கில் ஆகலாம், இன்றே தொடங்குங்கள். மூலப் பத்திரம் சங்கத்திலிருந்து திரும்பி வந்ததா, பீரோவில் இருப்பது நகலா அசலா என்பதையும் பாருங்கள்.

பட்டாவும் நகர நில அளவைப் பதிவும் இன்னும் அப்பா பெயரில் இருந்தால் வாரிசுகள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், மின் இணைப்பு ஆகியவற்றையும் அப்படியே. ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு மனையின் நான்கு பக்கத்தையும் நீங்களே அளந்து, பத்திரத்தில் உள்ள அளவோடும் நில அளவை வரைபடத்தோடும் ஒப்பிடுங்கள். ஓரடி குறைந்தால் பக்கத்து மதிற்சுவர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்த ஓரடியை வாங்குபவரின் ஆள் கண்டுபிடிப்பதற்கும் நீங்கள் முன்பே சொல்லி, உள்ள அளவுக்கு விலை பேசுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

மாடி அறைக்கு அனுமதி வாங்கியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் யாரும் வாங்கவில்லை. அனுமதி வரைபடத்தில் இல்லாத பகுதிக்கு வங்கிகள் பெரும்பாலும் மதிப்புப் போடுவதில்லை. ஆகவே அந்த அறையைக் காட்டி விலையை ஏற்றிக் கேட்டால், வாங்குபவர் ஒப்புக்கொண்டாலும் அவருடைய கடன் அந்த அளவுக்கு வராது. ஒப்பந்தம் பாதியில் நிற்கும். கீழ்த்தளத்துக்கான அசல் அனுமதி வரைபடத்தைக் கண்டெடுங்கள். அந்தப் பழுப்பேறிய நீலத்தாள், புது சமையலறையைவிட மதிப்புள்ளது.

அண்ணனைப் பற்றி. அவர் வர முடியாவிட்டால் சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்ட பொது அதிகார ஆவணத்தை (பவர் பத்திரம்) அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அவர் வருமான வரிக் கணக்கில் வெளிநாடு வாழ்பவர் என்றால் வாங்குபவர் அவருடைய பங்குக்குப் பிடிக்க வேண்டிய வரி, உங்களுக்குப் பிடிப்பது போல 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள விற்பனைக்கு 1 சதவீதம் என்ற எளிய கணக்கில் வராது. குறைந்த விகிதத்துக்கான சான்றை வருமான வரி அலுவலரிடம் முன்கூட்டியே பெறாவிட்டால் பெருந்தொகை முடங்கும். நீங்களும் தங்கையும் இங்கு வாழ்பவர்கள் என்பதால், 2024 ஜூலை 23-க்கு முன் வந்த சொத்தை விற்ற லாபத்துக்கு, பணவீக்கக் கழிவு (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம், கழிவோடு 20 சதவீதம் என்ற இரண்டில் எது குறைவோ அதன்படி வரி கட்டலாம். அண்ணனுக்கு அந்தத் தெரிவு இல்லை. சொத்து 2001-க்கு முன்பே அப்பா வாங்கியது என்பதால் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை அடிப்படையாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. அதற்கு ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். தணிக்கையாளரை விலை பேசும் முன்பே பாருங்கள். தொகையில் ஒரு பகுதியை ரொக்கமாகத் தருகிறேன் என்பவரிடம் மறுத்துவிடுங்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் கட்டப் போவது வாங்குபவர். அந்தச் சுமையைக் குறைக்கவே அவர் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டச் சொல்வார். அதற்கும் இணங்காதீர்கள்.

கால வரிசை இப்படி அமையட்டும். அத்தைகளிடம் பேசுவதும் சங்கத்தின் ரசீதும் உடனே. மாசி முதல் வைகாசி வரை ஈரம், மொட்டை மாடி, சன்ஷேடு. ஆடியில் யாரும் முன்பணம் கொடுக்க மாட்டார்கள்; அந்த மாதத்தைப் பட்டா, வரி, மின் இணைப்பு மாற்றங்களுக்கு வைத்துக்கொண்டு, ஆவணியில் ஒரே ஒரு கை வெளிர்நிற டிஸ்டெம்பர் அடித்து வீட்டைக் காட்டத் தொடங்கலாம். உப்பு வெட்டி எடுத்த சுவர்களை மட்டும் சுண்ணாம்போடு விட்டு, ஏன் அப்படி விட்டிருக்கிறீர்கள் என்று கேட்பவருக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் ஒருவர் வீடு பார்க்க வந்தால் தள்ளிப் போடாதீர்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒழுகாத வீட்டைக் காட்டக் கிடைப்பது நல்ல வாய்ப்பு.

கடைசியாக ஒன்று. கொல்லையில் தரையோடு சேர்த்துப் பதித்த ஆட்டுக்கல்லைத் தங்கை எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டோடு பதிந்திருப்பவை வீட்டோடு போகும் என்பதே பொது விதி. ஆகவே ஒப்பந்தம் எழுதும் முன்பே அதைப் பெயர்த்து, அந்த இடத்தைச் சிமெண்டு போட்டு மூடிவிடுங்கள். அல்லது ஆட்டுக்கல் நீங்கலாக என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.